மன்னார்க் கரையில் ஓர் இலக்கணக்காரர்

ஸ்கொட்லாந்துக் கவிஞர் ஜோர்ஜ் புக்கானன் 1547இல் போர்த்துக்கல்லின் கொயிம்பிரா நகருக்குக் கற்பிக்க வந்தார். லத்தீனில் கவி பாடத் தெரிந்தவரையே அறிஞரென்று ஐரோப்பா கொண்டாடிய காலம் அது. சமய விசாரணையில் சிக்கி மடமொன்றில் அடைபட்டுக் கிடந்தபோதும், திருப்பாடல்களை லத்தீன் கவிதையாக்கிக் கொண்டிருந்தார் அவர்.

அதே கொயிம்பிராவில் படித்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் அதற்கு முந்திய ஆண்டே கப்பலேறிவிட்டார். யூத வழிவந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்றியிருந்தது. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், அடுத்த ஐம்பது ஆண்டுகளைப் பரதவர் நடுவிலேயே கழித்தார். நம்மவர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்கிறார்கள்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் நடந்த சண்டைக்குப் பிறகு பரதவர் பலர் இக்கரைக்கு வர, அடிகளாரும் வந்து சில ஆண்டுகள் இங்கே இருந்தார். இன்று நிற்கும் மதில்கள் பெரும்பாலும் பின்னால் வந்த ஒல்லாந்தர் திருத்திக் கட்டியவை. ஆனால் கோட்டையடியில் நின்றால் காதில் விழுகிற கரைத்தமிழ் அடிகளார் படித்த தமிழுக்கு நெருங்கிய உறவு.

எப்படிப் படித்தார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. வந்த புதிதில் துபாஷியை நம்பியே காலம் தள்ளினார். பிறகு, லத்தீன் பயின்ற முறையையே தமிழில் பிரயோகித்தார். 'கடல்' என்று ஒரு சொல் கிடைத்தால் கடலை, கடலுக்கு, கடலில் என்று உருபேற்றிப் பார்க்கிற முறை அது. வினைகளையும் அப்படியே காலவாரியாகப் பிரித்து அடுக்கினார். புலவரின் செந்தமிழை அல்ல, வலை இழுப்பவர் வாயில் வந்த தமிழை. அதிலிருந்து பிறந்தது போர்த்துக்கேய மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம்.

1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். புள்ளியில்லாத மெய்கள், எகர ஏகார வேறுபாடில்லாத எழுத்துகள். ஓலைப் பழக்கம் அப்படியே ஈயத்தில் ஏறியிருக்கிறது. இந்திய மொழியொன்று தன் சொந்த எழுத்தில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்று அது. 1586இல் புனிதர் வரலாறுகளைத் தமிழில் பெருநூலாக்கினார். 1600இல் காலமானபோது அவருக்கு வயது எண்பது.

புக்கானனின் கவிதைகளை ஐரோப்பியப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தன. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அடிகளாரின் பெயர் தெரியும்? மன்னார்ப் பிள்ளைகளுக்காவது அதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.