உதைபந்தாட்டமும் டென்னிஸும்: இரசிகரின் கடமை எங்கே தொடங்குகிறது?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. இங்கும், தெற்கே மருதமுனை, கல்முனை வரையிலும், வடக்கே காத்தான்குடி வரையிலும் உள்ள ஊர்களிலும் வெளிநாட்டு விளையாட்டுக்களுக்கு இருக்கும் இரசிகர் கூட்டம் சாதாரணமானதல்ல. லண்டனில் குளிர்கால இரவு 8 மணிக்கு ஓர் உதைபந்தாட்டப் போட்டி தொடங்கினால், எமக்கு அது நள்ளிரவு தாண்டிய 1.30 மணியாகும். அந்நேரத்திலும் தொலைக்காட்சியின் முன் விழித்திருப்போர் உண்டு. விம்பிள்டன் நாட்களில் மாலை 6 மணிக்கு மத்திய அரங்கின் ஆட்டத்துக்காகக் காத்திருப்போரும் உண்டு. மெஸ்ஸியா ரொனால்டோவா, பெடரரா நடாலா ஜோகோவிச்சா என்ற விவாதம் தேநீர்க் கடைகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இந்த ஆர்வத்தை வீண் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. விளையாட்டை உன்னிப்பாகப் பார்ப்பவர் மனித முயற்சியையும் நீதியையும் பற்றிச் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறார். ஆனால், 'யார் பெரியவர்?' என்ற கேள்வியோடு அந்தச் சிந்தனை நின்றுவிடக்கூடாது. ஒரு விளையாட்டு புதியவர்களுக்குத் தன் வாசலை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறது, உள்ளே வந்தவர் மேலே ஏறுவதற்கு எத்தகைய படிகளை அமைத்திருக்கிறது என்பதே அவ்விளையாட்டை அளக்கும் சரியான அளவுகோல் என்பது எமது கருத்து. இந்த அளவுகோலைக் கொண்டு டென்னிஸையும் உதைபந்தாட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் டென்னிஸ். ஜோகோவிச் 24, நடால் 22, பெடரர் 20 என்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எண்ணி முடிவு கூறுவது இரசிகர்களின் வழக்கம். அந்த எண்ணிக்கையில் ஒரு வரலாறு மறைந்து போகிறது. 1968ஆம் ஆண்டுக்கு முன்னர் விம்பிள்டன் போன்ற பெரும் போட்டிகளில் தொழில்முறை வீரர்களுக்கு இடமிருக்கவில்லை. 1962இல் ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வென்ற அவுஸ்திரேலியரான ரொட் லேவர், தொழில்முறை ஆட்டக்காரரானதும் ஐந்து ஆண்டுகள் அப்போட்டிகளுக்கு வெளியே நிற்க நேர்ந்தது. வாசல் திறக்கப்பட்ட பின்னர், 1969இல் அவர் மீண்டும் நான்கையும் வென்றார். அவருடைய 11 பட்டங்களை இன்றைய எண்ணிக்கைகளோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமாகாது.

தமிழருக்கு நெருக்கமான பெயரொன்றும் அக்காலத்துக்குரியது. தந்தை டி.கே. இராமநாதனிடம் பயிற்சி பெற்ற இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்றார். 1960, 1961ஆம் ஆண்டுகளில் அங்கு அரையிறுதி வரை முன்னேறினார். 1961இல் ரோய் எமர்சனைக் காலிறுதியில் வீழ்த்திய அவர், அரையிறுதியில் லேவரிடம் தோற்றார். அவருடைய மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்று, 1986இல் காலிறுதி வரை சென்றார். சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் 1973, 1981ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் காலிறுதியில் ஆடியவர்.

டென்னிஸின் சிறப்பு அதன் தரவரிசையில் உள்ளது. ஆண்களுக்கான தரவரிசை 1973 ஓகஸ்டில் தொடங்கியது. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளே ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றவருக்கு 2000 புள்ளிகள். முதற்சுற்றில் தோற்றவருக்குச் சில புள்ளிகளே. தேர்வுக் குழுவோ சிபாரிசுக் கடிதமோ இங்கில்லை. எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்று புள்ளிப் பட்டியல் கேட்பதுமில்லை. தெரிவுகளில் பாகுபாடு உண்டென்ற குறையைக் கேட்டுப் பழகிய எம்மவர்க்கு இந்த ஏற்பாடு கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஏணியின் முதற்படி மிக உயரத்தில் இருக்கிறது. டென்னிஸ் வீரர் தமது பயிற்சியாளர், பயணம், தங்குமிடம் ஆகிய எல்லாச் செலவுகளையும் தாமே ஏற்க வேண்டும். தொழில்முறையின் அடித்தளமாகிய போட்டிகளில் மொத்தப் பரிசுத்தொகையே 15 ஆயிரம் டொலர். பட்டம் வென்றவருக்குக் கிடைப்பது இரண்டாயிரம் டொலரைச் சற்றே தாண்டும். பல வாரங்கள் வெளிநாடுகளில் அலைந்து ஆட வேண்டியவருக்கு அது எம்மாத்திரம்? ஆடுகளத்தின் நிலையும் அவ்வாறே. பந்து சீராக எழும்பும் கெட்டியான தளமின்றி டென்னிஸ் இல்லை. எமது கரையோர மணலில் பந்து எழும்பாது. அத்தகைய தளத்தை அமைப்பதும் பேணுவதும் கிராமக் கழகமொன்றின் சக்திக்கு அப்பாற்பட்டவை.

இத்தடைகளைத் தாண்டியவர்கள் இல்லாமலில்லை. துனீசியாவின் சிறு நகரொன்றில் பிறந்த ஒன்ஸ் ஜபேர் 2011இல் பிரெஞ்சு இளையோர் பட்டத்தை வென்றார். 2022, 2023ஆம் ஆண்டுகளில் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆடினார். 2022இல் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தையும் எட்டினார். அரபு நாட்டுப் பெண்ணொருவர் அந்த உயரத்தைத் தொட்டது எமது முஸ்லிம் வாசகர்களுக்கும், பெண் பிள்ளைகளைப் பெற்ற எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்த செய்தி. எனினும், விதிவிலக்குகள் வழியாகிவிட மாட்டா. டென்னிஸ் உள்ளே நீதியானது. அதன் வாசலோ குறுகியது என்றே நாம் கூறுவோம்.

உதைபந்தாட்டம் இதற்கு நேர்மாறானது. ஒரு பந்தும், இரு புறமும் நட்ட கம்புகளும் போதும். மணலிலும் ஆடலாம், வயல் அறுத்த தரையிலும் ஆடலாம். பெரியகல்லாற்றுப் பிள்ளைக்கும் பிரேசில் நாட்டுப் பிள்ளைக்கும் தொடக்கம் ஒன்றுதான். மட்டக்களப்பில் விளையாட்டை வளர்க்க உழைத்த அமெரிக்க யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்பது, இம்மண்ணுக்கு விளையாட்டோடு உள்ள பிணைப்புக்குச் சான்று.

உதைபந்தாட்டத்தின் குறைகள் வாசலுக்கு உள்ளே இருக்கின்றன. 1995 டிசம்பரில் பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் கட்டணமின்றி வேறு கழகத்துக்குச் செல்ல வழிவகுத்தது. வீரர்களுக்கு அது விடுதலை. ஆனால் நல்ல வீரர்களைச் செல்வந்தக் கழகங்கள் தம்பக்கம் இழுப்பதும் எளிதாயிற்று. 2017இல் நெய்மாருக்காக பரிஸ் கழகம் பார்சிலோனாவுக்குச் செலுத்திய தொகை 222 மில்லியன் யூரோ. 2021 ஏப்ரலில் 12 பெருங்கழகங்கள் தமக்கென மூடிய போட்டித்தொடர் ஒன்றை அமைக்க முற்பட்டன. இங்கிலாந்து இரசிகர்கள் வீதிக்கு வந்து எதிர்த்ததால், அத்திட்டம் சில நாட்களிலேயே சரிந்தது. இரசிகர் வெறும் பார்வையாளர் அல்லர் என்பதை அந்நிகழ்வு உலகுக்குக் காட்டியது.

பணம் ஆளும் இவ்விளையாட்டில், சிறு கழகங்களைக் காக்கும் விதியொன்றும் உண்டு. எமது இரசிகர்கள் பலரின் கவனத்துக்கு வராத விதி இது. ஒப்பந்தம் முடியாத வீரர் ஒருவர் கட்டணம் பெற்று வேறொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்றப்படும்போது, அக்கட்டணத்தில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரையான காலத்தில் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்கிறது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா. 12 முதல் 15 வயது வரையான ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.25 சதவீதம்; அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 சதவீதம். பத்து இலட்சம் டொலருக்கு மாற்றப்படும் வீரரை 12 முதல் 15 வயது வரை நான்கு ஆண்டுகள் வளர்த்த கழகத்துக்கு 10 ஆயிரம் டொலர் கிடைக்கும். கிராமக் கழகமொன்றுக்கு அது ஒரு மைதானத்தைச் செப்பனிடும் பணம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பிள்ளை அக்கழகத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாத பிள்ளையின் உழைப்பும், அவரை வளர்த்தவரின் உழைப்பும் கணக்கில் வரா.

எமது நாட்டில் படிகள் உடைந்திருப்பது இந்த இடத்திலேதான். 1995இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவை 1-0 என்று வென்ற நாடு இலங்கை. 2006இல் ஆசிய சவால் கிண்ண இறுதி வரை சென்ற அணியும் எம்முடையதே. அதே நாட்டை, வெளித்தலையீடு காரணமாக 2023 ஜனவரி 21ஆம் திகதி ஃபிஃபா இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது. அவ்வாண்டு பெங்களூரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியில் இலங்கைக்கு இடமில்லாமற் போனது. நிர்வாகிகளின் பிணக்குக்கு வீரர்கள் கொடுத்த விலை அது.

அண்மைக் காலத்தில் தேசிய அணி, புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்து வெளிநாடுகளில் பயின்ற வீரர்களைப் பெரிதும் நாடியது. அதில் தவறில்லை. 2022 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினையும் போர்த்துக்கலையும் வெளியேற்றி, அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆபிரிக்க, அரபு அணியான மொரோக்கோவிலும் 26 பேரில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்களே. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிரித்தானியாவில் பிறந்த விமல் யோகநாதன் 2023இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காகக் களமிறங்கினார். எம்மவரின் கால்களில் திறமை இல்லாமலில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அங்கே வயதுக் குழுப் பயிற்சியும், வார இறுதிப் போட்டிகளும், பதிவேடும் உள்ளன. இங்கே ஓராண்டில் சில சுற்றுப்போட்டிகளோடு பிள்ளையின் விளையாட்டு முடிந்துவிடுகிறது.

இதனை மாற்றப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. எம்மைப் போன்றே 2004 ஆழிப்பேரலையில் அடிபட்ட கடலூர்க் கரையைப் பாருங்கள். தமிழகத்தின் அம்மாவட்டம் பெண்கள் உதைபந்தாட்டத்தின் பண்ணையாக வளர்ந்தது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அம்மண்ணைச் சேர்ந்தவர். தமிழக மகளிர் அணி 2018இல் மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. 2023இல் மீண்டும் வென்றது. தொடர்ச்சியான பயிற்சியும், பிள்ளைகளை விடாது அழைத்து வரும் ஆசிரியர்களுமே இத்தகைய மாற்றத்துக்கு முதற் தேவை.

இன்னொரு விடயத்தையும் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழும் கரை இது. யுத்த காலம் அந்த நெருக்கத்தைச் சிதைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. இளைஞர்கள் ஊரெல்லை தாண்டிச் சந்திக்கும் இடங்களில் விளையாட்டு மைதானம் முக்கியமானது. அச்சந்திப்பு நிலைக்க வேண்டுமாயின், போட்டிகளை ஒழுங்கு செய்வோர் ஒருவர் மற்றவரின் நாட்காட்டியை அறிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவும், ரமழான் நோன்பும், ஞாயிறு ஆராதனையும், கோயில் திருவிழாவும் இடையூறுகள் அல்ல. முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டிய நாட்கள்.

உலகம் இதைக் கற்றுக்கொண்டு வருகிறது. 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டிக்கும் கிறிஸ்டல் பலஸுக்கும் இடையிலான போட்டி, நோன்பிருந்த வீரர்கள் நோன்பு திறப்பதற்காகச் சில கணங்கள் நிறுத்தப்பட்டது. தலை மறைத்து ஆடும் உரிமையை ஃபிஃபா 2014இல் உறுதி செய்தது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து ஆடினார். ஆட்டத்தின் தரம் இவற்றால் எள்ளளவும் குறையவில்லை. நள்ளிரவில் இவற்றைக் கண்டு பாராட்டும் எமது இரசிகர், விடிந்த பின்னர் அதே பெருந்தன்மையைத் தமது ஊர் மைதானத்திலும் காட்ட வேண்டாமா?

ஆகவே, எமது இரசிகர்களின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவதாக, ஒவ்வொரு ஊர்க் கழகமும் 12 வயது நிரம்பிய ஆண், பெண் பிள்ளைகளை மாவட்ட லீக்கின் ஊடாக முறைப்படி பதிவு செய்யட்டும். பெற்றோரும் அந்தப் பதிவைக் கேட்டுப் பெறட்டும். இரண்டாவதாக, பிரதேச சபைகள் மைதானங்களைப் பொதுக்கூட்டத்துக்கான வெளிகளாக மட்டும் கருதாது, பிள்ளைகளின் அன்றாடப் பயிற்சி நேரத்தை ஒதுக்கிக் கொடுக்கட்டும். அந்நேரத்தைக் கேட்டு வலியுறுத்த வேண்டியவர்கள் இரசிகர்களே. மூன்றாவதாக, இரு சமூகத்துக் கழகங்களும் கூடி ஆண்டுக்கான போட்டி அட்டவணையை வகுத்து, நடுவர்களையும் இரு பக்கத்திலிருந்தும் பயிற்றுவிக்கட்டும். நடுவரின் தீர்ப்பை ஏற்பதும் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடமே.

மெஸ்ஸியையும் ஜோகோவிச்சையும் பற்றிய விவாதத்தைக் கைவிடுமாறு நாம் கேட்கவில்லை. அவ்விவாதத்தில் செலவிடும் நேரத்தின் ஒரு பகுதியாவது ஊர்க் கழகத்தின் பதிவேட்டுக்கும் மைதானத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். இன்று 12 வயதிலிருக்கும் பிள்ளைக்குப் பதிவின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டும் திரும்பக் கிடைக்காத ஆண்டாகும் என்பதைக் கழகங்களும் பெற்றோரும் உணர்ந்து செயற்பட வேண்டும்.