‘120 நாளைக்கு நீங்க கோல்டு!’ - விமான நிறுவனம் சும்மா தரும் அந்தஸ்தை ஏற்கலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ‘வாழ்த்துகள்! அடுத்த 120 நாள்களுக்கு நீங்கள் எங்கள் கோல்டு உறுப்பினர்’ என்று ஒரு விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல். கீழே சின்ன எழுத்தில், ‘15 நாள்களுக்குள் ஏற்றுக்கொள்ளவும்’. அதற்கும் கீழே அக்காவின் கேள்வி: “ஃப்ரீயாதானேடா தர்றாங்க, அமுக்கிடவா?”

அக்காவுக்குச் சென்னையில் ஐடி வேலை. ஆபீஸுக்காக வருடத்துக்கு மூன்று, நான்கு முறை வெளிநாடு போய் வருவார். அவருடைய கம்பெனிக்கும் அந்த விமான நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தின் பேரில் வந்த சலுகை இது. “அமுக்கிடு, சும்மா வர்றதை யாராவது விடுவாங்களா” என்றுதான் முதலில் டைப் செய்தேன். அனுப்புவதற்கு முன் ஏதோ தோன்றி, நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தேன். அப்புறம் அந்த வரியை அழித்துவிட்டேன்.

அப்படி என்ன இருந்தது அதில்?

கோல்டு என்றால் என்ன?

அடிக்கடி பறப்பவர்களைத் தக்கவைக்க விமான நிறுவனங்கள் நடத்தும் உறுப்பினர் திட்டங்கள் நமக்குப் புதிதல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டம்தான் இன்றைய திட்டங்களுக்கெல்லாம் முன்மாதிரி. பறந்த மைலுக்குப் புள்ளி, புள்ளிக்கு இலவச டிக்கெட் என்பது இதில் ஒரு பாதி. வருடத்துக்கு இவ்வளவு பறந்தால் சில்வர், இன்னும் பறந்தால் கோல்டு, அதற்கும் மேலே பிளாட்டினம் என்று ஏறும் படிக்கட்டு மறு பாதி. இந்தப் படிகளைத்தான் ‘எலைட் ஸ்டேட்டஸ்’ என்கிறார்கள்.

படி ஏறுவது லேசில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் கோல்டு ஆக 12 மாதங்களில் 50,000 எலைட் மைல்கள் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஒரு வழிக்குச் சுமார் 1,800 மைல். பறந்த மைல் முழுதாக வரவானால்கூட வருடத்துக்கு 14 முறை போய் வர வேண்டும். மலிவு டிக்கெட்டில் பாதி மைல்தான் வரவு என்றால் 28 முறை! அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனத்திலோ மைல் கணக்கே இல்லை, பணக் கணக்குதான். 2025 விதிப்படி கோல்டுக்கு 30 விமானங்களும் 10,000 புள்ளிகளும் வேண்டும். இல்லாவிட்டால் தனியாக 12,000 புள்ளிகள். அடிப்படைக் கட்டணத்தில் ஒரு டாலருக்கு ஒரு புள்ளி. அரசு வரிக்குக் கட்டும் பணம் கணக்கில் வராது.

இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்க வேண்டிய ஒன்றை ஒரு கிளிக்கில் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஏன் சும்மா தருகிறார்கள்?

இந்த உறுப்பினர் திட்டங்கள் விமான நிறுவனங்களின் பெரிய சொத்து. எவ்வளவு பெரிது என்பது கொரோனா காலத்தில் வெளியே தெரிந்தது. விமானங்கள் ஓடாமல் நின்றபோது, 2020-ல் யுனைடெட் தன் திட்டத்தை அடமானமாக வைத்து 6.8 பில்லியன் டாலர் திரட்டியது. டெல்டா 9 பில்லியன். அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 10 பில்லியன். ஓடாத விமானத்தைவிட, ஓட விரும்பும் வாடிக்கையாளரின் பட்டியலுக்குக் கடன்காரர்களிடம் மதிப்பு இருந்தது.

அந்தப் பட்டியலில் போட்டி நிறுவனத்தின் வாடிக்கையாளரைச் சேர்க்கக் குறுக்கு வழிதான் தற்காலிக ஸ்டேட்டஸ். லவுஞ்சில் ஒரு காபி, வரிசையில் ஒரு முன்னுரிமை என்று அவர்களுக்கு ஆகும் செலவு குறைவு. நீங்கள் அடுத்த டிக்கெட்டை அவர்களிடம் போட்டால் வரவு பெரிது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைத்துவிட்டு மொய் நோட்டை நீட்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் வகைகள் உண்டு. வேறு நிறுவனத்தில் உங்களுக்கு இருக்கும் ஸ்டேட்டஸைக் காட்டினால் அதே படியைத் தங்கள் திட்டத்திலும் தருவது ‘ஸ்டேட்டஸ் மேட்ச்’. மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குக் கொடுத்து, ‘அதற்குள் இவ்வளவு பறந்தால் தொடரும், இல்லாவிட்டால் போய்விடும்’ என்பது ‘சேலஞ்ச்’. யுனைடெட்டின் சேலஞ்ச் 120 நாள். மேட்ச் செய்து தரக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. அது சலுகை அல்ல, விற்பனை. அக்காவுக்கு வந்தது சேலஞ்ச் வகை. 120 நாளில் 8 விமானங்கள் பறக்க வேண்டும், அதோடு ஒரு குறைந்தபட்சச் செலவும் காட்ட வேண்டும்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது?

நம் ஊர்க்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது.

அக்காவுக்கு வந்தது ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ள ஒரு நிறுவனத்தின் கோல்டு. அந்தக் கூட்டணியில் எங்கே கோல்டு வாங்கினாலும் மற்ற உறுப்பு நிறுவனங்களிலும் சலுகை உண்டு. தனி செக்-இன் வரிசை, முன்னுரிமை போர்டிங், ஒரு விருந்தினருடன் லவுஞ்ச், கூடுதலாக 20 கிலோ லக்கேஜ் அல்லது ஒரு பெட்டி. ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து இதில் உறுப்பினர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, தாய் ஏர்வேஸ் எல்லாம் இதே கூட்டணிதான். ஆகவே சென்னையிலிருந்து பறப்பவருக்கு இந்த கோல்டு நிஜமாகவே உதவும்.

திருச்சிக்காரருக்கு? அங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களில் பலர் ஏறுவது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலும் ஸ்கூட்டிலும். முதலாவது ஏர் இந்தியாவின் துணை நிறுவனம், இரண்டாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். ஆனால் இரண்டுமே ஸ்டார் அலையன்ஸில் இல்லை. தாய் நிறுவனம் இருக்கிறதே என்று கார்டை நீட்டினால் கவுன்டரில் வேலைக்காகாது. இண்டிகோ, ஏர் ஏசியா, எமிரேட்ஸ், எதிஹாட் ஆகியவை எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொழும்புக்குப் பறக்கும் ஸ்ரீலங்கன் இருப்பது ஒன்வேர்ல்டு கூட்டணியில். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸும் அங்கேதான். அந்த வழியில் போகிறவருக்கு ஸ்டார் கோல்டு வெறும் அட்டை.

அக்காவின் பிளானைக் கேட்டேன். மார்ச்சில் ஆபீஸ் வேலையாக ஃபிராங்க்ஃபர்ட், நேரடி விமானம், போக வர இரண்டு. மே லீவில் மாமா, இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர், அதுவும் மாமியார் வீட்டிலிருந்து கிளம்புவதால் திருச்சியிலிருந்து ஸ்கூட்டில். அந்த இரண்டு விமானங்களும் சேலஞ்ச் கணக்கில் சேராது, அவற்றில் கோல்டும் செல்லாது.

“அப்போ ஸ்கூட்டை கேன்சல் பண்ணிட்டு சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல போட்டுடலாமா? எல்லாரும் லவுஞ்ச்ல உட்காரலாம்ல?” என்றார்.

இங்கேதான் அடுத்த கொக்கி. ஸ்டார் கோல்டுக்கு லவுஞ்சில் விருந்தினர் ஒருவர்தான். மாமாவை அழைத்துப் போனால் பிள்ளைகள் வெளியே. பெரியவனை அழைத்துப் போனால் சின்னவள் ஊரைக் கூட்டுவாள். 20 கிலோவும் அக்காவின் பேருக்கு மட்டும்தான், நான்கு பேருக்கும் இல்லை. லக்கேஜ் சேர்க்காத மலிவு டிக்கெட் என்றால் இந்தக் கூடுதல் கிலோவில் கைவைக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. லவுஞ்சிலும் விதிவிலக்குகள் உண்டு. யுனைடெட்டின் சொந்த கோல்டு உறுப்பினருக்கு, அமெரிக்காவுக்கு உள்ளேயே பறக்கும்போது யுனைடெட் கிளப்பில் அனுமதி கிடையாது. வெளிநாட்டு நிறுவனத்தின் கோல்டு வைத்திருப்பவர் அதே கதவில் உள்ளே போய்விடுவார்! தன் வீட்டுப் பிள்ளை வாசலில், விருந்தாளி கூடத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோல்டு இல்லாவிட்டாலும் அக்கா எப்படியும் பறக்கப் போகும் விமானங்கள் எவை? செல்லுபடியாவது இரண்டே இரண்டு. அந்த இரண்டில் கோல்டால் என்ன லாபம்? லவுஞ்ச் இரண்டு முறை. சென்னை விமான நிலையத்துக்கு அவருடைய கிரெடிட் கார்டே லவுஞ்ச் தருகிறது, ஆக ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு முறைதான் கூடுதல். ஐந்து நாள் பயணத்துக்கு ஒரு டிராலி பையோடு போகிறவருக்கு 20 கிலோ எதற்கு? திரும்பும்போது சாக்லேட் கொஞ்சம் அதிகம் வாங்கலாம். தாராளமாகப் போட்டாலும் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய் என்று அக்காவே விலை வைத்தார்.

இனி செலவுப் பக்கம். எட்டில் இரண்டு போக மீதி ஆறு. ஏர் இந்தியாவும் கூட்டணியில் இருப்பதால் சென்னை - டெல்லி மூன்று முறை போய் வந்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஒரு முறைக்குப் பத்தாயிரம் என்று குறைத்துப் போட்டாலும் 30,000 ரூபாய். மூன்று வாரக்கடைசிகள் போய்விடும். அதிலும் டிக்கெட்டின் கட்டண வகுப்பைப் பொறுத்து வேறு நிறுவன விமானத்துக்குக் குறைவாக வரவு வைப்பதும், சில வகுப்புகளுக்கு ஒன்றுமே வரவு வைக்காததும் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்க்காமல் போனால் டெல்லி போய் வந்தும் கணக்கில் பூஜ்யம். குறைந்தபட்சச் செலவு நிபந்தனை தனியாக நிற்கிறது.

“ஆனா கோல்டு வந்துட்டா அதுக்கப்புறம் ஒரு வருஷம் இருக்கும்ல?” அக்கா விடவில்லை. நியாயமான கேள்வி. அந்த ஒரு வருடத்தில் என்ன பறக்கப் போகிறோம் என்பதுதான் பதிலைத் தீர்மானிக்கும். அப்போதுதான் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: ஜூலையிலிருந்து ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு முறை ஃபிராங்க்ஃபர்ட் போக வேண்டியிருக்குமாம். புது பிராஜெக்ட்.

பிப்ரவரி கடைசியில் ஏற்றுக்கொண்டால் 120 நாள் ஜூன் கடைசியோடு முடியும். அதாவது பறக்காத நாலு மாதம் கோல்டு. பறக்கும் ஆறு மாதம் சாதா. இதைவிட மோசமாக நேரம் பார்க்கவே முடியாது. ஜூலையில் தொடங்கினால் நாலு மாதத்தில் எட்டு விமானங்கள் ஆபீஸ் செலவிலேயே முடிந்துவிடும், ஒரு ரூபாய் கைப்பணம் போடாமல். சில அமெரிக்க நிறுவனங்களில் ஆண்டின் பிற்பாதியில் தகுதி பெற்றால் அந்த ஸ்டேட்டஸ் அடுத்த ஆண்டு முழுக்க நீள்வதும் உண்டு.

அப்படியென்றால் இப்போது ஒருமுறை, ஜூலையில் மறுபடி ஒருமுறை வாங்கிக்கொள்ளக் கூடாதா? கூடாது. இந்தச் சலுகைகளைச் சில நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் தருகின்றன, சில நிறுவனங்கள் ஒருவருக்கு ஆயுளுக்கு ஒரே முறை. அக்காவுக்கு வந்த மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில் மூன்று ஆண்டு என்று இருந்தது. சும்மா கிடைக்கும் கோல்டுக்கு உண்மையான விலை அந்தப் பத்திதான். இப்போது வீணடித்தால், தேவைப்படும்போது கேட்க முடியாது.

மூன்று விஷயங்களை மட்டும் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சேலஞ்ச்களில் பதிவு செய்த பிறகு பறந்தவைதான் கணக்கு. போன வாரம் போய் வந்த பயணத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பிரயோஜனமில்லை. தற்காலிக காலத்தில் கூட்டணி நிறுவனங்களிலும் அந்த கோல்டு செல்லுமா, இல்லை அவர்கள் விமானத்தில் மட்டும்தானா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள லிங்கை அப்படியே அழுத்தாதீர்கள். அந்த நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்து, சலுகை அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்டேட்டஸுக்கு ஆதாரமாக ஸ்கிரீன்ஷாட் கேட்பது வழக்கம், பாஸ்வேர்டு கேட்டால் அது மோசடி.

அதேசமயம் எல்லோருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் அதே கூட்டணியில் நாலைந்து முறை பறக்கப்போவது உறுதி, பிறகு தொடராவிட்டாலும் கவலையில்லை என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தோடு நிரந்தரமாக ஊர் மாறுகிறவருக்கு அந்த 20 கிலோவே பெரிய விஷயம். வயதான அம்மா வரிசையில் நிற்க முடியாதே என்பதற்காக மட்டும் வாங்க நினைத்தால் அவசியமில்லை. நடக்கச் சிரமப்படுகிறவருக்கு வீல்சேர் உதவி கேட்க எந்த கார்டும் தேவையில்லை, டிக்கெட் போடும்போதே சொல்லிவிடலாம்.

அக்கா அந்த மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டார். 13-வது நாள் ‘இன்னும் 2 நாள்தான்!’ என்று நினைவூட்டல் வந்ததாம். “கை பரபரன்னு வந்துச்சுடா, போனை மாமாகிட்ட கொடுத்துட்டேன்” என்றார். ஜூன் 25-ம் தேதிக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறார். அதே நிறுவனத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கும் சேலஞ்ச் பக்கம் ஒன்று இருக்கிறது. அது அப்போதும் திறந்திருந்தால் அங்கே கேட்பார். மூடியிருந்தால், ஃபிராங்க்ஃபர்ட் பறக்கும் கூட்டணியில் இருக்கும் வேறொரு நிறுவனத்திடம்.