மீன் எங்கே என்று வானத்துக்குத் தெரியுமா?

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் நல்லவாடு. பறவைகள் எங்கே கூட்டமாக இறங்குகின்றன, தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணால் அளந்தே வலை இறக்கிய கரை அது. இதே வேலையை 700 கிலோமீட்டருக்கும் மேலே பறந்தபடி செயற்கைக்கோள்கள் செய்கின்றன, தெரியுமா?

அந்த உயரத்திலிருந்து ஒரு மத்தி மீன்கூடத் தெரியாது! தெரிவதெல்லாம் மீனுக்குப் போட்ட பந்திதான். கடலடிக் குளிர்நீர் சத்துகளோடு மேலே எழும்பும் இடத்தில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்ன மத்தி, கவலை, பின்னாலேயே சூரையும் வஞ்சிரமும்.

இந்தப் பந்தியைப் பிடிக்க இரண்டு கண்கள் வேண்டும். ஒன்று வெப்பக் கண். கடலின் மேற்பரப்பு வீசும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, குளிர்நீரும் வெதுவெதுப்பான நீரும் உரசும் எல்லையைக் காட்டும். இன்னொன்று நிறக் கண். பாசியின் பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் அங்கே கடல் பச்சை தட்டும்; அந்த நிற மாற்றத்தை இது அளக்கும். வெப்பநிலை மாறும் இடமெல்லாம் தீனி இருக்காது. கரையோரச் சேற்றுக் கலங்கலோ நிறக் கண்ணை ஏமாற்றிவிடும். அதனால்தான் கணினி இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டு எல்லைக் கோடுகளும் சேரும் இடத்தைத் தேடுகிறது. எவ்வளவு அழகான யோசனை! 2022 நவம்பர் 26-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஓஷன்சாட்-3, இரண்டு கண்களையும் ஒரே உடலில் சுமந்து போனது. அதன் நிறக் கண் மட்டும் 13 அலைவரிசைகளில் பார்க்கும்.

ஐப்பசி, கார்த்திகை மேகம் மூடினால் இரண்டு கண்களுக்கும் கடல் மறைந்துவிடும். வானம் திறந்த நாட்களில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், கரையிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்று கணக்கிட்டுச் சொல்லும். மீட்டரில் வரும் ஆழத்தைப் பாகமாக்குவது நம்மவர்களுக்குப் பெரிய கணக்கா? ஒரு பாகம் ஆறடி!

மீனைக் காட்டுவது மட்டுமல்ல, கரைக்கு வந்த தகவல் உயிரையே காக்கும் என்பதற்கு நல்லவாடே சாட்சி. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வருகிறது என்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை இங்கிருந்த தகவல் மையம் ஒலிபெருக்கியில் அறிவிக்க, ஊரே கடலைவிட்டு ஓடித் தப்பியது.

ஆனால் நடுக்கடலில் ஒலிபெருக்கி ஏது? கரை தாண்டிச் சில மைல்களிலேயே அலைபேசிக்கும் சிக்னல் போய்விடும். அதற்காக 2019-இல் வந்ததுதான் ஜெமினி என்ற சின்னப் பெட்டி. வேறொரு செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியை வாங்கி, புளூடூத் வழியாகப் படகிலிருக்கும் அலைபேசிக்குத் தள்ளும். மீன் இருக்கும் திசையும் வரும், புயல் வரும் செய்தியும் வரும்.