வாலுள்ள வைட்டமின்

பிசைந்து மூடிவைத்த ரொட்டி மாவு சிறிது நேரத்தில் உப்பி எழுகிறது. உப்பவைக்கும் ஈஸ்ட் இன்னொரு வேலையும் செய்கிறது: தான் பெருகும்போது ஃபோலேட் என்ற பி வகை வைட்டமினையும் மாவுக்குள் உண்டாக்குகிறது. அடுப்பின் சூட்டில் ஒரு பங்கு அழிந்துபோக, மிஞ்சியது தட்டுக்கு வருகிறது. ஆனால் தட்டுக்கு வந்ததெல்லாம் இரத்தத்தில் சேர்வதில்லை.

காரணம், அதன் வால். உணவிலுள்ள ஃபோலேட் மூலக்கூறுகள் பெரும்பாலானவற்றின் பின்னால் குளுட்டமிக் அமிலக் கண்ணிகள் சங்கிலிபோலத் தொங்குகின்றன. சிறுகுடல் செல்களோ ஒரே ஒரு கண்ணி உள்ள மூலக்கூறைத்தான் உள்ளே விடும். ஆகவே குடற்சுவரில் இருக்கும் ஒரு நொதி மற்ற கண்ணிகளை நறுக்கித் தள்ள வேண்டும். நறுக்கப்படாமல் கடந்துபோவது வீண்தான். உணவில் இயல்பாக உள்ள ஃபோலேட்டில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேர்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

ஆலையில் மாவோடு கலக்கும், ஃபோலேட்டின் செயற்கை வடிவமான ஃபோலிக் அமிலத்துக்கு இந்த நீண்ட வால் கிடையாது. சாப்பாட்டோடு போனாலும் அதில் சுமார் 85 சதவீதம் உறிஞ்சப்படுகிறது. இயற்கையானதே உடலில் எளிதாகச் சேரும் என்று நம்புகிறோம். இந்த வைட்டமின் விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்க்கிறது. நார்ச்சத்துக்கு முழுக்கோதுமை ரொட்டியை நானும் சிபாரிசு செய்வேன். ஃபோலேட்டுக்கு என்றால், ஃபோலிக் அமிலம் கலந்த வெள்ளை ரொட்டி அதை முந்திவிடும்.

இந்த வைட்டமின் தெரியவந்த கதையில் நம் ஊர்களும் உண்டு. பம்பாயின் துணி ஆலைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் இரத்தசோகையால் வாடியதை ஆராய வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் அவர் எழுதினார். அதற்குள் இருந்தது ஃபோலேட் என்பது பிறகுதான் புரிந்தது. 1941இல் பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தவர்கள், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஃபோலேட் அவசியம். பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாது. ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குவதற்குள் அந்த நாட்கள் கடந்துவிடும். அதனால்தான் அமெரிக்கா 1998 முதல், செறிவூட்டிய மாவு 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கலப்பதைக் கட்டாயமாக்கியது.