அந்தக் கோடு யாருடையது?

கொடைக்கானலில் எடுத்த ஒரு படத்தை வாசகி ஒருவர் அனுப்பியிருக்கிறார். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. எரிகல்லா என்று கேட்கிறார்.

எரிகல்லாக இருந்தால் கோடு இரு முனையிலும் கூம்பியிருக்கும். இவருடையதோ ஒரே தடிமனில் ஓடி, சீரான இடைவெளியில் மங்கிப் பளிச்சிடுகிறது. வேலை முடிந்த ராக்கெட் பாகம் ஒன்று கரணமடித்துக்கொண்டே போனால் இப்படித்தான் பதியும்.

இப்படிப்பட்ட கோடுகளையும் புள்ளிகளையும் துரத்துகிறவர்களில் சம்பளத்துக்குச் செய்யாதவர்களும் நிறையப் பேர். 2002 செப்டம்பர் 3 அன்று பில் யங் என்ற அமெச்சூர் வானியலாளர் மங்கலான ஒரு புள்ளியைப் பிடித்தார். முதலில் சிறுகோள் என்றே நினைத்தார்கள். கணக்குப் போட்டால், அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது! ஜே002ஈ3 என்று பெயரிட்டார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தார் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெள்ளைப் பெயிண்டின் சாயல் தெரிந்தது. சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்குப் பூசிய பெயிண்ட் அது.

திருடுபோன எங்கள் அப்பாவின் சைக்கிள் இரண்டு வருடம் கழித்துச் சந்தையில் கறுப்பாக நின்றது. மட்கார்டுக்கு அடியில் நகத்தால் சுரண்டி, பழைய பச்சையைக் கண்டதும் அப்பா சிரித்தது நினைவுக்கு வருகிறது.

அந்தப் புள்ளி, 1969 நவம்பரில் அப்போலோ 12 குழுவை நிலவுக்குத் தள்ளிவிட்ட மூன்றாம் கட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. ஏறத்தாழ 18 மீட்டர் நீள உருளை. சூரியனைச் சுற்றி அலைந்துவிட்டுப் பூமிக்குத் திரும்பியிருந்தது. 2003 ஜூனில் மறுபடி கிளம்பிப் போய்விட்டது.

நாம் மேலே விட்டெறிந்ததையே 33 வருடத்தில் நமக்கு அடையாளம் தெரியவில்லை. இது எனக்கு உறுத்துகிறது. வீட்டுக் குப்பைக்குக் காட்டும் பொறுப்பில் பாதியாவது வானத்துக் குப்பைக்கும் காட்ட வேண்டாமா? இன்னொரு வருத்தமும் உண்டு. நல்ல படம் கிடைத்தால் பறக்கும் தட்டு என்று எழுதி ஊரெல்லாம் ஃபார்வர்டு செய்கிறோம். அந்தச் சுற்றில் படத்தோடு ஒட்டியிருந்த நேரக் குறிப்பு உதிர்ந்துபோகிறது. தாழ்வான பாதையில் போகும் பொருள் வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் 450 கிலோமீட்டர் தள்ளித் தேடுவோம். வேறொன்றின் பெயரைச் சூட்டிவிடுவோம்.

அம்மா, உங்கள் படத்திலும் நேரம் இல்லை. அசல் கோப்பைத் தேடி, எடுத்த நேரத்தை வினாடி சுத்தமாகக் குறித்து, நின்ற இடத்தையும் எழுதி அனுப்புங்கள். பெயரைத் தேடிப் பார்க்கலாம்.