காலாப்பட்டுக்கு வந்த காட்மாண்டு

புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலாப்பட்டு பஸ் ஏறினால், முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் புதுச்சேரி முடிந்துவிடும். அடுத்து வரும் கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். பொம்மையார்பாளையம் கடக்கும்வரை தமிழ்நாடுதான். காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. சுமார் 12 கிலோமீட்டருக்குள் இரண்டு முறை எல்லை தாண்டியாகிவிட்டது. சோதனைச் சாவடியில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெட்ரோல் விலையும் பிராந்திக் கடைகளின் நெருக்கமும் மாறுவதை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அந்தப் பஸ்ஸில் தோள்பையுடன் நிற்கும் நேபாள மாணவரோ வங்கதேச மாணவியோ படிக்க வந்திருப்பது சர்வதேச உறவுகள் என்றால், பாடம் வழியிலேயே தொடங்கிவிடுகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டு, 1814-ல் பாரிஸில் ஒப்பந்தம் போட்டு, 1816-ல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்த நிலத்தின் கிழிசல்தான் இந்த எல்லை. ஊருக்கு நடுவே ஊர், வயலுக்கு நடுவே வயல் என்று சிதறிய பிரெஞ்சுப் பகுதிகளை அப்படியே யூனியன் பிரதேசமாக்கி வைத்திருக்கிறோம்.

காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். அதே 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு தெற்காசிய நாடுகள் கூடி சார்க் என்னும் வட்டார ஒத்துழைப்பு அமைப்பைத் தொடங்கின. ஒரே வருடத்துப் பிள்ளைகள். இரண்டும் பின்னாளில் ஒரே கூரையின் கீழ் வரக் காரணமானவர் மதன்ஜீத் சிங். 1924-ல் லாகூரில் பிறந்தவர். இந்தியத் தூதராக இருந்தவர். அஜந்தா ஓவியங்களைப் பற்றி எழுதியவர். யுனெஸ்கோவின் நல்லெண்ணத் தூதர். அவர் 2000-ல் தொடங்கிய தெற்காசிய அறக்கட்டளையின் துணையோடு, யுனெஸ்கோ மதன்ஜீத் சிங் தெற்காசிய வட்டார ஒத்துழைப்பு நிறுவனம் காலாப்பட்டில் எழுந்தது. சார்க் நாடுகளின் மாணவர்கள் உதவித்தொகையுடன் வந்து முதுகலை தெற்காசியவியல் படித்தார்கள். அரசியல், சர்வதேசவியல் துறை தனியாக இருக்கிறது.

சர்வதேச உறவுகள் என்ற இந்தப் படிப்பு ஒன்றும் அவ்வளவு பழையது அல்ல. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் செத்து விழுந்த பிறகு, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஏதாவது வழி உண்டா என்று ஆராயத்தான் 1919-ல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஊரில் முதல் பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது. இருபதே ஆண்டுகளில் அடுத்த உலகப் போர் வந்தது வேறு விஷயம். இந்தியாவில் 1955-ல் டெல்லியில் இதற்கென ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் 1970-ல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

சார்க் தலைவர்கள் கடைசியாகக் கூடியது 2014 நவம்பரில், காட்மாண்டுவில். 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு, காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு கைவிடப்பட்டது. ஆக, தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார மறுக்கும் நாடுகளின் பிள்ளைகள் விடுதி மெஸ்ஸில் ஒரே சாம்பார் வாளியைச் சுற்றி உட்கார்ந்ததுதான் இந்த வட்டார ஒத்துழைப்பில் உருப்படியாக நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வருவதில்லை. நேபாளம், பூட்டான் மாணவர்களுக்கு விசாவே வேண்டாம். வங்கதேசம், இலங்கை என்றால் மாணவர் விசா வேண்டும். 180 நாளுக்கு மேல் தங்குவோர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பாகிஸ்தானியருக்கு அது 24 மணி நேரம். 2025 ஏப்ரலில் காஷ்மீரில் நடந்த பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அவர்களுக்கான விசா சேவையே நிறுத்தப்பட்டது. காபூல் 2021 ஆகஸ்டில் தாலிபான் கைக்குப் போனபோது, அந்த நேரம் இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கானியரின் பழைய விசாக்களைப் பத்து நாளுக்குள் இந்தியா செல்லாதென்று அறிவித்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் திரும்பிவர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். இறையாண்மை என்றால் என்னவென்று அவர்களுக்கு எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியிருக்காது.

விடுதி வேண்டாம், டவுனில் வீடு பார்க்கலாம் என்றால் அங்கே ஒரு படிவம் காத்திருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். “எதுக்கு தம்பி வம்பு?” என்று வீட்டுக்காரம்மா கதவைச் சாத்தினால், அதில் அவர் தப்பு பாதி, படிவத்தின் தப்பு பாதி.

வந்தவர்களுக்கு ஊர் அள்ளிக் கொடுப்பதும் உண்டு. பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் தலைமை துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். யார் யாருக்கு என்ன வெகுமதி அனுப்பினார்கள், எந்த நவாப் எப்போது கட்சி மாறினார் என்றெல்லாம் உள்ளிருந்து பார்த்த தமிழர் எழுதியது. ராஜதந்திரம் படிக்கிறவர்களுக்கு இதைவிடச் சுவையான மூலநூல் கிடைப்பது கடினம். பாடத்திட்டங்கள் மேற்கத்திய ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசியாவது இதற்குக் கொடுக்கலாம். செயின்ட் லூயி தெருவில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமோ புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த அதிகார மாற்றப் பேச்சுவார்த்தையிலேயே பிறந்த பிள்ளை.

அந்தப் பேச்சுவார்த்தையே ஒரு பருவத்துக்குப் பாடம் நடத்தப் போதும். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க 1962 ஆயிற்று. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது புதுச்சேரியை முறைப்படி விட்டுக்கொடுக்க பாரிஸுக்கு மனமில்லை.

ஒப்பந்தம் அமலான 1962 ஆகஸ்ட் 16 முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றொரு ஷரத்து. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் புதுச்சேரித் தெருக்களில் தமிழ் பேசிக்கொண்டு, 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசேயில் படிக்கிறார்கள். பிரான்ஸ் 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை இளங்கலைக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என உயர்த்தியது. பிரெஞ்சுக் குடிமக்களுக்கு அப்போது 170, 243 யூரோதான். ஒரே தெருவில் வளர்ந்த இருவர் பாரிஸில் ஒரே வகுப்பில் சேர்ந்தாலும், தாத்தா அன்று எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து, ஒருவர் மற்றவரைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல் கட்ட நேரலாம்.