உதிரப்பட்டி

உதிரப்பட்டி என்பது போரிலோ ஆநிரைப் பூசலிலோ உயிர்விட்ட வீரனின் குடும்பத்துக்கு மானியமாக அளிக்கப்பட்ட நிலமாகும். அரசன், குறுநிலத் தலைவன், ஊரார் ஆகியோர் இக்கொடையை வழங்கினர். இறந்த வீரனுக்கு நடுகல் எடுப்பது அவன் பெயரைக் காத்தது. உதிரப்பட்டி அவன் வீட்டாரின் பிழைப்பைக் காத்தது. இன்றைய படைவீரர் குடும்ப ஓய்வூதியத்துக்கு முற்பட்ட வடிவமாக இதைக் கருதலாம்.

பெயர்

கல்வெட்டு வழக்கில் 'பட்டி' என்பது ஒரு பணிக்காகவோ கடமைக்காகவோ ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஏரியைப் பராமரிக்க விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. அதுபோல, சிந்திய குருதிக்கு ஈடாக விடப்பட்ட நிலம் உதிரப்பட்டி ஆயிற்று. இரத்தக் காணிக்கை, நெய்த்தோர்ப்பட்டி என்னும் பெயர்களும் உண்டு. நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கன்னடக் கல்வெட்டுகளில் இதே பொருளில் 'நெத்தரு கொடகெ' என்ற சொல் வருகிறது. அங்கு நிலக்கொடைக்குக் 'கல்நாடு' என்ற பெயரும் வழங்கியது.

தொப்பூரும் தகடூர் நாடும்

தருமபுரி மாவட்டத்தின் தென் எல்லையில், சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. சேலம் சமவெளியிலிருந்து பாராமகால் எனப்பட்ட மேட்டுநிலத்துக்கு ஏறும் வழி இது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790-இல் படைகள் இக்கணவாய் வழியாக நகர்ந்தன. கணவாய்க்கு வடக்கே உள்ள தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் இது அதியமான்களின் தலைநகராக இருந்தது. பின்னர் பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர், சோழர் எனப் பல அரசுகளின் எல்லைகள் இப்பகுதியில் மோதிக்கொண்டன.

வேளாண்மையைவிட மேய்ச்சலுக்கு ஏற்ற நிலம் இது. இங்கு மாடே செல்வம். எனவே ஆநிரை கவர்தலும் மீட்டலும் அடிக்கடி நிகழ்ந்தன. தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூலையும், 1975-இல் 'தருமபுரிக் கல்வெட்டுகள்' நூலையும் வெளியிட்டது. இவற்றால் இப்பகுதிச் சான்றுகள் ஆய்வுலகுக்குத் தெரியவந்தன.

நடுகல்லும் கல்லறையும்

நடுகல் எப்போதும் கல்லறை அன்று. வீரன் விழுந்த இடத்திலோ, ஊர் எல்லையிலோ, வழியோரத்திலோ அது நடப்பட்டது. உடலை அடக்கம் செய்யும் வழக்கம் இதற்கும் முற்பட்டது. இதே பகுதியில் பெருங்கற்காலக் கல்திட்டைகளும் கல்வட்டங்களும் உள்ளன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரம் இவற்றுக்குப் பெயர்பெற்றது. ஈமச் சின்னமாக இருந்த பெருங்கல்லே காலப்போக்கில் நினைவுக் கல்லாக மாறியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

நடுகல் எடுப்பதில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நாள் பார்த்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை இது செல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் இவ்வழக்கத்தின் பழமையை உறுதிப்படுத்தின.

பல்லவர் காலக் கற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவமும் வட்டெழுத்தில் செய்தியும் காணப்படும். காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருப்பதுண்டு. செய்தி பெரும்பாலும் சுருக்கமானது. அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், யார் யாருடைய 'தொறு'வைக் கவர்ந்தார், மீட்கச் சென்று 'பட்டான்' யார் என்பன மட்டுமே அதில் இருக்கும். தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். இப்படி, அரசவைக்கு வெளியே வாழ்ந்த சாதாரணச் சேவகனின் பெயரும் கல்லில் ஏறியது.

நிலக் கொடை

எல்லா நடுகற்களும் கொடையைக் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடுபவற்றில், இறந்தவனின் மரபினர் வழிவழியாக அனுபவிக்கும் உரிமையோடு நிலம் விடப்பட்டதைப் பொதுவாகக் காணலாம். கொடைச் செய்தியைக் கல்லிலேயே வெட்டியதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஓலை அழியலாம், தலைவன் மாறலாம். ஊர் வணங்கும் கல்லில் எழுதப்பட்ட உரிமையை மறுப்பது கடினம். எனவே நடுகல் ஒரே நேரத்தில் நினைவுச் சின்னமாகவும் நிலப் பத்திரமாகவும் இருந்தது.

இதற்கு விரிவான சான்று பெங்களூரை அடுத்த பேகூரில் கிடைத்த, கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கன்னட நடுகல். கங்க மன்னன் எரெயப்பனின் படையோடு சென்ற நாகத்தரன், வீரமகேந்திரனின் படையை எதிர்த்துத் தும்பெப்பாடியில் இறந்தான்.  எரெயப்பன் நாகத்தரன் என்னும் பட்டத்தை இருகன் என்பவனுக்கு அளித்து, பேகூர் முதலிய 12 ஊர்களைக் கல்நாடாகக் கொடுத்தான். சாதாரண வீரனின் குடும்பத்துக்குக் கிடைத்தது இதில் மிகச் சிறு பங்கே. ஆனால் கொடையின் தத்துவம் ஒன்றுதான்: இழப்பு குடும்பத்தினுடையது, பொறுப்பு ஆள்பவனுடையது.

மனைவியர்

சில கற்களில் வீரனுடன் அவன் மனைவியின் உருவமும் உள்ளது. உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு எடுத்த கல் சதிக்கல் எனப்படும். உயிரோடு இருந்த மனைவியரைப் பற்றிக் கற்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. கணவனை இழந்தவளுக்கும் பிள்ளைகளுக்கும் உழுதுண்ண நிலம் கிடைத்ததா என்பதுதான் அவர்கள் வாழ்வைத் தீர்மானித்தது. உதிரப்பட்டியின் முதன்மை இங்குதான் விளங்குகிறது.

இன்றைய நடைமுறை

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குத் தேசியக் கல்லறைத் தோட்டங்களில் இடமும் கல்லும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. இந்தியாவில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. வீரரின் உடல் சொந்த ஊரில், குடும்ப வழக்கப்படி எரிக்கவோ புதைக்கவோ படுகிறது. படைத்துறை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில், காவிப் பட்டை தலைப்பக்கம் வருமாறு தேசியக் கொடி போர்த்தப்படும். கொடியைக் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது என்கிறது 2002-ஆம் ஆண்டு கொடி விதித் தொகுப்பு. நடுகல்லின் இடத்தில் இன்று தில்லியிலுள்ள தேசியப் போர் நினைவுச் சின்னம் உள்ளது. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட இதில் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

உதிரப்பட்டியின் இடத்தில் இருப்பது குடும்ப ஓய்வூதியம். இதில் மூன்று வகைகள் உண்டு:

• சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்: கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 விழுக்காடு. ஓய்வுக்குப் பின் வீட்டில் இயற்கையாக இறந்தவரின் மனைவிக்கும் இது உண்டு.
• சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்: 60 விழுக்காடு. பணியின் காரணமாக நேர்ந்த இறப்புக்கு உரியது.
• தாராளக் குடும்ப ஓய்வூதியம்: ஊதியம் முழுவதும். போரிலும் எதிரி நடவடிக்கையிலும் இறந்தவர் குடும்பத்துக்கு உரியது.

2016 முதல் நடைமுறையிலுள்ள விகிதப்படி, கடமையின்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம் ரூபாயும், போரில் இறந்தால் 45 லட்சம் ரூபாயும் மத்திய அரசின் கருணைத் தொகையாக வழங்கப்படும்.

இவற்றைப் பெறுவது தாள்களைப் பொறுத்தது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவை. மனைவியின் பெயர் படைப் பதிவேட்டில் சரியாக இல்லாவிட்டால் ஓய்வூதியம் தாமதமாகும். எனவே வீரர் உயிரோடு இருக்கும்போதே அதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

ஒப்பீடு

பழைய முறையில் கல்லும் நிலமும் களத்தில் விழுந்தவனுக்கே கிடைத்தன. போர் பல கண்டு முதுமையில் வீட்டில் இறந்தவனுக்குக் கல் எழவில்லை. இன்றைய முறையில் பணி செய்ததே உரிமைக்கு அடிப்படை. ஆனாலும் 30, 60, 100 என்னும் அளவுகளில், இறந்த விதத்தைக் கொண்டு மதிப்பிடும் பழைய அளவுகோல் இன்னும் தொடர்கிறது.

இன்றைய நிலை

தருமபுரி அகழ்வைப்பகத்தில் பல நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஊர்ப்புறங்களில் உள்ள பல கற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபாட்டில் உள்ளன. எண்ணெயும் மஞ்சளும் பூசப்படுவதால் சிலவற்றில் எழுத்துகள் மங்கிவிட்டன. ஆயினும் வழிபாடு இருக்கும் இடத்தில் கல் பெயர்க்கப்படாமல் தப்பியிருக்கிறது.